மேல்காற்றும் வலது காலும்

ஒரே சாலை, இரண்டு மைலேஜ்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால், நெல்லைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் இப்படி ஒரு கேள்வி வந்து விழும்: "அண்ணாச்சி, ஏரலுக்குப் போவும்போது லிட்டருக்கு 23 காட்டுது. திரும்பி வரும்போது 17-தான் காட்டுது. ரோடும் அதே ரோடு, வண்டியும் அதே வண்டி. இன்ஜின்ல ஏதும் கோளாறு இருக்குமோ?"

மெக்கானிக் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார்ப்பார். பிளக்கைப் பார்ப்பார். கோளாறு ஒன்றும் அகப்படாது. "கிழக்க போனா இறக்கம், மேக்க வந்தா ஏத்தம். அதாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். கேட்டவருக்கும் அது சரியென்றே படும். தாமிரபரணி மேற்கே பொதிகை மலையில் பிறந்து கிழக்கே கடலுக்கு ஓடுகிறது. ஆறு ஓடும் திசை இறக்கம்தானே!

இறக்கம் உண்மைதான். ஆனால் இந்த வித்தியாசத்தில் அதற்குரிய பங்கு மிகச் சிறியது. மீதியை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று தேடிப் போனால், கார் ஓட்டும் முறையைப் பற்றித் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி தெரிந்துவிடும். அதற்காக ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் புறப்பட்டு, கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம் வழியாகப் போய், ஸ்ரீவைகுண்டத்தில் பாலம் ஏறி வடகரைக்கு வந்து, ஏரலைத் தாண்டினால் கொற்கை. ஏறத்தாழ 50 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

கப்பியில் தொங்கும் எடை

காரில் இருவர், கொஞ்சம் சாமான். எல்லாம் சேர்ந்து 1,200 கிலோ. சமதரையில், காற்றே இல்லாத வேளையில், மாறாத வேகத்தில் போகிறது. அப்போது இன்ஜின் எதை எதிர்த்து உழைக்கிறது?

காரின் மூக்கில் ஒரு கயிற்றைக் கட்டுங்கள். அந்தக் கயிற்றைக் கிணற்றுக் கப்பி ஒன்றின் மேல் போட்டு, மறுமுனையில் எடையைத் தொங்கவிடுங்கள். எத்தனை கிலோ தொங்கவிட்டால் கார் அதே வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்குமோ, அதுதான் காருக்குத் தேவையான இழுவை. இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கிலோவை வைத்தே கணக்குப் போடுவோம்.

முதல் செலவு சக்கரத்தில். டயர் உருளும்போது தரையைத் தொடும் பகுதி நசுங்கி நசுங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு நசுங்கலிலும் கொஞ்சம் ஆற்றல் சூடாகிப் போய்விடும். இதை உருளல் தடை என்போம். நல்ல தார்ச்சாலையில், காற்றுச் சரியாக இருக்கும் டயருக்கு, இது வண்டி எடையில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நம் காருக்கு 14 கிலோ. 1,200 கிலோ இரும்பை உருட்ட 14 கிலோ போதும். மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை.

இரண்டாவது செலவு காற்றில். கார் முன்னேற வேண்டுமானால் எதிரே நிற்கும் காற்றைத் தள்ளி ஒதுக்க வேண்டும். இது காற்றுத்தடை. இது வேகத்தோடு சேர்ந்து ஏறும். அதுவும் இரட்டிப்பு வேகத்துக்கு இரட்டிப்பாக அல்ல, நான்கு மடங்காக. நடுத்தர அளவு காருக்கு 60 கி.மீ. வேகத்தில் இது சுமார் 11 கிலோ. 80-ல் 19 கிலோ. 100-ல் 30 கிலோவை நெருங்கும்.

இரண்டையும் கூட்டினால் 60-ல் 25 கிலோ, 80-ல் 33, 100-ல் 44. வேகம் 60-லிருந்து 100-க்குப் போனதும் இழுவைத் தேவை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. நாலுவழிச் சாலை வழவழப்பாக இருக்கிறது, நிறுத்தம் இல்லை, அப்படியும் மைலேஜ் ஏன் ஏறவில்லை என்று கேட்பவர்களுக்கு விடை இந்த மூன்று எண்களில் இருக்கிறது.

இனி பெட்ரோலுக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் வெப்பத்தில் பெரும்பங்கு சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போய்விடுகிறது. அன்றாட ஓட்டத்தில் சக்கரத்துக்கு வந்து சேருவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கைக் கொண்டு, கப்பியில் தொங்கும் ஒரு கிலோவின் வேலையை 650 கி.மீ. தூரத்துக்குச் செய்யலாம். 25 கிலோ தேவைப்படும் காரானால் 650-ஐ 25-ஆல் வகுங்கள்: லிட்டருக்கு 26 கி.மீ. கொற்கைக்குப் போய்ச் சேர 2 லிட்டர்கூட வேண்டாம்.

இதுவே தாளில் எழுதிய பயணம். சாலையில் இருப்பது வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

இறக்கத்தின் பங்கு

திருநெல்வேலி கடல்மட்டத்திலிருந்து 45 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. கொற்கை கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது. வித்தியாசம் ஏறத்தாழ 40 மீட்டர்.

கொற்கை அவ்வளவு தாழ்வாக இருப்பதற்கு வரலாறு உண்டு. பாண்டியரின் துறைமுகம் அது, முத்துக்குளித்துறை. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்னும் கடல்வழிக் குறிப்பு நூலில் அதன் பெயர் வருகிறது. இன்று அங்கே கடல் கிடையாது, வயலும் வாழையும் குளமுமாக இருக்கிறது. தாமிரபரணி ஆண்டாண்டாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைச் சில கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. ஆறு இட்ட தரை என்பதால் இந்தப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி அவ்வளவு மட்டம்.

50 கி.மீ. தூரத்தில் 40 மீட்டர் இறக்கம் என்றால், 1,200 கிலோ காருக்கு அது தரும் உதவி எவ்வளவு? தூரத்தால் உயரத்தை வகுத்து எடையால் பெருக்குங்கள். ஒரே ஒரு கிலோ. போகும்போது 25 கிலோவுக்குப் பதில் 24, வரும்போது 26. மைலேஜில் இது லிட்டருக்கு ஒரு கி.மீ. முன்னே பின்னே ஆக்கும், அவ்வளவுதான். அந்த ஆறு கி.மீ. வித்தியாசத்தை இறக்கத்தின் தலையில் கட்ட முடியாது.

காற்று செய்யும் வேலை

தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்து நிற்கிறது. மலையில் மூன்று இடங்களில் வாசல் உண்டு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. மறிபட்ட காற்று இந்த வாசல்களில் நெருக்கியடித்துப் புகுந்து கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடு போல நிற்பது ஆரல்வாய்மொழி வாசலின் முன்னால். கயத்தாற்றில் மத்திய அரசின் காற்றாலை ஆய்வு நிலையமே இருக்கிறது. கொற்கைக்கு வடக்கே, தூத்துக்குடியை ஒட்டிய முள்ளக்காட்டில் 1986-லேயே காற்றாலைப் பண்ணை வந்தது. தமிழ்நாட்டில் இவ்வகையில் முன்னோடிகளில் அது ஒன்று. ஆனி முதல் ஆவணி வரை இந்த மேல்காற்று ஓயாது. சைக்கிளில் பாளையங்கோட்டையிலிருந்து மேற்கே மிதித்துப் போனவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதே இல்லை.

மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மேல்காற்று, நேரே காரின் முதுகில் வீசுவதாகக் கொள்வோம். அந்தப் பருவத்தில் இது பெரிய காற்றே அல்ல. ஸ்பீடாமீட்டர் 60 காட்டுகிறது. ஆனால் கார் உணரும் காற்று 40-தான். காற்றுத்தடை 11 கிலோவிலிருந்து 5 கிலோவாக விழுகிறது. திரும்பி வரும்போதும் ஸ்பீடாமீட்டரில் 60-தான். கார் உணருவதோ 80. காற்றுத்தடை 19 கிலோ. உருளல் தடையையும் இறக்க ஏற்றத்தையும் சேர்த்தால் போகும்போது 18 கிலோ, வரும்போது 34 கிலோ. ஏறக்குறைய இரு மடங்கு.

மைலேஜும் இரு மடங்கு வேறுபடுமா என்றால், படாது. இழுவை குறைவாக இருக்கும்போதும் இன்ஜின் தன் பிஸ்டன்களையும் பம்புகளையும் சுழற்றுவதற்கென்று ஒரு தொகையை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தரும். அதனால் போகும்போது கணக்கு காட்டுவதைவிடக் குறைவாகவும், வரும்போது கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாகவும் கிடைக்கும். ஆனாலும் 23-க்கும் 17-க்கும் உள்ள இடைவெளிக்கு இந்தக் காற்று தாராளமாகப் போதும். இன்ஜினில் கோளாறு இல்லை.

போகும்போது கிடைத்தது வரும்போது போகிறது, மொத்தத்தில் சரிக்குச் சரி என்று நினைக்கத் தோன்றும். அதுவும் இல்லை. காற்றுத்தடை வேகத்தின் மடங்கைவிட விரைவாக ஏறுவதால், எதிர்க்காற்று பிடுங்குவது பின்காற்று கொடுப்பதைவிட எப்போதும் அதிகம். நம் எடுத்துக்காட்டில் போக்கும் வரத்துமாகச் சராசரி எடுத்தால் காற்றுத்தடை நூற்றுக்குப் 11 பங்கு கூடியிருக்கும்.

காற்றை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் எதிர்க்காற்றில் வேகத்தைக் குறைக்கலாம். வரும்போது 60-க்குப் பதில் 50-ல் வந்தால் கார் உணரும் காற்று 70. இழுவை 34 கிலோவிலிருந்து 30-ஐ ஒட்டி இறங்கும். 50 கி.மீ. தூரத்தில் இதற்கு ஆகும் கூடுதல் நேரம் 10 நிமிடம். உச்சிவெயிலுக்குப் பிறகு காற்று வலுக்கும், விடியற்காலையில் அடங்கியிருக்கும். மேற்கு நோக்கிய நீண்ட பயணத்தைக் காலையில் வைத்துக்கொள்வது பருவம் முழுவதும் பலன் தரும். கூரையில் கேரியர் இருந்து அதில் சாமான் இல்லையென்றால் அதைக் கழற்றி வீட்டில் வையுங்கள். அதுவும் காற்றைத்தான் மறிக்கிறது.

முன்னால் போகும் லாரியின் நிழலில் ஒட்டிக்கொண்டு போனால் காற்றுத்தடை குறையும் என்று சிலர் செய்கிறார்கள். குறையும். லாரிக்காரர் பிரேக் போட்டால் நம்மால் நிறுத்த முடியாது. அதைச் செய்யாதீர்கள்.

வேகத்தைக் குறைத்து எண்ணெயை மிச்சம் பிடிப்பது நாடுகளே கையிலெடுத்த வழி. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, 1974 தொடக்கத்தில் அமெரிக்கா நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கி.மீ. என்று வேக உச்சவரம்பு விதித்தது. இந்தியாவில் 1978-ல் தொடங்கப்பட்ட பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள் என்று சொல்லி வருகிறது. காற்றுத்தடை பெரிதாகத் தலைதூக்கும் முன்பே, மேல் கியரில் போகக்கூடிய வேகம் அது.

வேகத்தடைக்கு 200 மீட்டர் முன்னால்

தாளில் 26 கி.மீ. வந்தது. காற்றில்லாத நாளிலும் இந்தச் சாலையில் 26 கிடைப்பதில்லை. ஏனென்றால் இந்தப் பாதையில் ஊருக்கு ஊர் வேகத்தடை, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப், குறுக்கே ஆடு. இங்கேதான் ஓட்டுபவரின் வலது கால் பேசத் தொடங்குகிறது. என் கணிப்பில் இந்த அத்தியாயத்திலேயே முக்கியமான பகுதி இதுதான்.

60-ல் ஓடும் 1,200 கிலோ காரின் உடம்பில் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. பாடநூல் இதை இயக்க ஆற்றல் என்கிறது. இதைச் சேர்த்து வைத்தது பெட்ரோல். 60-லிருந்து 20-க்கு பிரேக் போட்டு இறங்கினால் அந்த ஆற்றலில் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போகிறது. வேகத்தடையைத் தாண்டி மறுபடி 60-க்கு வர வேண்டுமானால் அதே அளவை மறுபடி பெட்ரோலிலிருந்து எடுக்க வேண்டும். எவ்வளவு? 25 கிலோ இழுவையோடு 600 மீட்டர் போகத் தேவையான அளவு. ஒரு வேகத்தடைக்கு 600 மீட்டர். கொற்கை போவதற்குள் இப்படி 20 இடம் என்று வைத்தால் 12 கி.மீ. நாம் 50 கி.மீ. போகிறோம், பெட்ரோல் 62 கி.மீ.க்குச் செலவாகிறது. 26 என்பது 21 ஆகிவிட்டது. 80-ல் பாய்ந்து வந்து பிரேக் போடுபவருக்கு ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு கிலோமீட்டருக்கு மேல்.

இப்போது இதைப் பாருங்கள். வேகத்தடைப் பலகை தூரத்தில் தெரிகிறது. 200 மீட்டர் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறீர்கள். கியரை மாற்றவில்லை, கிளட்சைத் தொடவில்லை. கார் தானே தளர்ந்து தளர்ந்து வருகிறது. வேகத்தடைக்கு அருகில் வரும்போது 43-ஐ ஒட்டி இருக்கும். மிச்சத்துக்கு லேசாகப் பிரேக். உங்கள் காரில் அந்தந்த நொடி மைலேஜைக் காட்டும் திரை இருந்தால் காலை எடுத்த கணத்தில் அதைக் கவனியுங்கள். எண் சட்டென்று உச்சிக்குப் போய் நின்றுவிடும், அல்லது கோடு முழுவதும் நிரம்பிவிடும். அந்த 200 மீட்டருக்கு இன்ஜினுக்குள் ஒரு சொட்டுப் பெட்ரோல் போகவில்லை என்று பொருள்.

20 வேகத்தடைக்கு 200 மீட்டர் வீதம் 4 கி.மீ. பெட்ரோல் இல்லாத ஓட்டம். இதற்காக இழக்கும் நேரம் ஒவ்வொன்றிலும் சுமார் இரண்டு நொடி. இருபதுக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது. எதிர்க்காற்றில் வேகத்தைக் குறைக்கும்போது 10 நிமிடம் விலை கொடுத்தோம். இங்கே ஒன்றும் கொடுக்கவில்லை. பார்வையைச் சாலையில் கொஞ்சம் தூரமாக வைக்க வேண்டும், அவ்வளவே.

பஸ் ஓட்டுநர்களுக்கு இது பழைய பாடம். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கி.மீ. என்று கணக்கு வைக்கிறார்கள், கே.எம்.பி.எல். குறைந்தால் ஓட்டுநரிடம் கேள்வி வரும். அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து வாயு எடுக்கும் கலங்களைச் செய்து பஸ்களில் பொருத்தியது. கரிவாயுவில் ஓடும் வண்டிக்கு வலு குறைவு. எடுத்த வேகத்தை வீணாக்கினால் மறுபடி எடுப்பது பாடு. அனுபவப்பட்ட பஸ் ஓட்டுநர் ஒருவரின் பின்னால் உட்கார்ந்து பயணம் செய்யும்போது, அவர் எந்த இடத்தில் காலை எடுக்கிறார் என்று பாருங்கள். ஸ்டாப்புக்கு வெகு முன்னாலேயே எடுத்திருப்பார்.

கிளம்பும்போதும் இதே கணக்குதான். பதறி மிதிக்கவும் வேண்டாம், நத்தையாக உருட்டவும் வேண்டாம். இன்ஜின் இரைச்சல் எழும்பும் முன்னே அடுத்த கியர், அதற்கு முன்னே அடுத்தது என்று சீக்கிரம் மேல் கியருக்குப் போய்விடுங்கள். ஒரே வேகத்தில் மேல் கியரில் இன்ஜின் குறைந்த சுற்றுகள் சுற்றுகிறது. தன் சொந்தச் செலவுக்கு எடுக்கும் தொகை குறைகிறது. இன்ஜின் திணறி அதிர்ந்தால் ஒரு கியர் இறக்கிக்கொள்ள வேண்டும்.

நியூட்ரல் என்னும் பழைய பழக்கம்

"எறக்கத்துல நியூட்ரல் அடிச்சா பெட்ரோல் மிச்சம்" என்பது இன்றும் பல வீடுகளில் அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம். அம்பாசிடர் காலத்தில் இதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. கார்புரேட்டர் இன்ஜின், காலை எடுத்தாலும் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இன்றைய கார்களில் பெட்ரோலை அளந்து பீய்ச்சுவது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது என்று அதற்குத் தெரியும். பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சுற்று மிகக் குறைந்தால்தான் மறுபடி திறக்கும். நியூட்ரலில் போட்டால் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்கப் பெட்ரோல் எரிந்தே ஆக வேண்டும். மலைச்சாலை இறக்கத்தில் நியூட்ரல் போடுபவர், செலவே இல்லாத ஓட்டத்தைச் செலவுள்ள ஓட்டமாக மாற்றிக்கொள்கிறார்.

அதைவிட முக்கியம் உயிர். காரையாற்றிலிருந்து பாபநாசத்துக்கு இறங்கும் சாலையிலோ மாஞ்சோலை இறக்கத்திலோ நியூட்ரல் போட்டால், வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும்தான். தொடர்ந்து மிதிக்க மிதிக்க பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் சில மிதிகளில் தீர்ந்துபோகும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். இறக்கத்தில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியர், கால் எடுத்த நிலை. பெட்ரோலும் செலவில்லை, பிரேக்கும் சூடாகவில்லை.

கேட்டில் நிற்கும்போது

திருச்செந்தூர் ரயிலுக்காகக் கேட் அடைத்திருக்கிறது. 10 நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் சிறிய பெட்ரோல் காருக்கு நூறு மில்லியை ஒட்டிச் செலவாகும். ஏசி ஓடினால் இன்னும் கூடும். இரண்டு, மூன்று கி.மீ. போகக்கூடிய பெட்ரோல் அது. அரை நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் அணைத்துவிடலாம்.

ஏசியா, ஜன்னலா? ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஜன்னல். வெளிச்சாலையில் 60, 70-ஐத் தாண்டினால் ஏசி. திறந்த ஜன்னல் காற்றுத்தடையைக் கூட்டும். சித்திரை வெயிலில் நின்ற காரில் ஏறியவுடன் ஏசியைப் போடாமல், கண்ணாடிகளை இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டிச் சூட்டை வெளியே தள்ளிவிட்டுப் போட்டால் ஏசிக்கு வேலை குறையும்.

14 கிலோவைக் குறைக்க

வேகத்தைக் குறைத்தாலும், காற்றடிக்காத நாளிலும், அந்த 14 கிலோ உருளல் தடை கூடவே வரும். அதைப் பெருக்குவதும் குறைப்பதும் டயரில் உள்ள காற்று. காற்றுக் குறைந்த டயர் அதிகம் நசுங்கும், அதிகம் சூடாகும், விளிம்பும் சீக்கிரம் தேயும். பார்வைக்குத் தெரியாது, இன்றைய டயர்கள் காற்றுக் குறைந்திருந்தாலும் நன்றாக இருப்பது போலவே காட்டும். வண்டி எடையும் இதில் சேரும்: டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் சாமானையும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பெட்ரோல்தான் சுமக்கிறது.

பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிப்பவர் "எவ்ளோ வைக்கணும்?" என்று கேட்பார். "நீங்களே பாத்து வைங்க" என்பதுதான் நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில். அவரும் எல்லாக் காருக்கும் ஒரே அளவை வைத்துவிடுவார். உங்கள் காருக்குரிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் அச்சிட்டிருக்கிறது. ஆள் குறைவாக இருக்கும்போது எவ்வளவு, ஐந்து பேர் ஏறினால் எவ்வளவு, முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு என்று தனித்தனியாக. ஓடிச் சூடான டயர் அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால் வீட்டுக்குப் பக்கத்துப் பங்கில், காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போதே போய்விடுங்கள். அந்த எண்ணைப் படித்து வைத்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதைச் சொல்லிக் கேட்டுக் காற்றுப் பிடியுங்கள். ஸ்டெப்னிக்கும் சேர்த்து.